கூடு வளையவில்லை

புதுக்கோட்டை மாவட்டம், ஆவுடையார்கோவில் தாலுகா, கருவேலன்குடி கிராமம், பிள்ளையார் கோவில் தெருவில் குடியிருக்கும் சாத்தையா மகன் அடைக்கலம் ஆகிய எனக்கு வயது ஐம்பத்தொன்று. பத்தாம் வகுப்பு தேறியிருக்கிறேன். பன்னிரண்டாம் வகுப்புக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. சவுதியில் சில வருடங்கள் டிரைவராக இருந்துவிட்டு வந்து, தற்போது குட்டியானை என்று எல்லாரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றை வைத்து அறந்தாங்கி மார்க்கெட்டுக்குச் சரக்கு ஏற்றிப் பிழைத்து வருகிறேன். மனைவி பெயர் பிரகதீஸ்வரி. எங்களுக்கு இளமதி என்று ஒரே மகள், வயது இருபத்திரண்டு, மெக்கானிக்கல் இன்ஜினியரிங் முடித்தவள். எங்கள் ஊர்க் கண்மாயிலிருந்து என் மகள் பறந்த இயந்திரம் பழுதாகி இறங்கியது பற்றி வந்துள்ள புகார் மனுவின் விசாரணைக்கு இன்று நிலையத்தில் ஆஜராகி, சார்பு ஆய்வாளர் ஜெபக்குமார் அவர்கள் கேட்க, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் நான் சொல்வதாவது. வற்புறுத்தல் இல்லை என்பதில் என் மனைவியைச் சேர்க்கவில்லை. அது பின்னால் வரும்.

என் மகள் அனுமதி வாங்காமல் பறந்தாள் என்று மனுவில் எழுதியிருக்கிறது. அது உண்மை. அனுமதிக்கு எங்கே எழுத வேண்டும் என்று அவள் விசாரித்துக்கொண்டிருந்தாள். பதில் வருவதற்கு முன்பே எழும்பிப் பார்த்தது தவறுதான். சின்னப்பிள்ளை என்பவரின் ஆடுகள் மிரண்டு ஓடின என்றும் எழுதியிருக்கிறது. அதுவும் உண்மை. ஆனால் அது கோளாறாக வடிவமைக்கப்பட்ட இயந்திரம், அதனால்தான் ஆகாயத்தில் உடைந்தது என்று எழுதியிருப்பதை நான் ஒப்புக்கொள்ளவில்லை. மனு கொடுத்தவர் எங்கள் ஊர்க்காரர், நல்ல மனிதர், ஆனால் அவர் பார்த்தது செல்போன் வீடியோவை. நான் பார்த்தது வேறு. அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

அந்த இயந்திரம் என்னவென்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு எனக்குத் தெரிந்த மட்டில் சொல்கிறேன். அதன் பெயர் பாராமோட்டார். தலைக்கு மேலே பாராசூட் போல ஒரு துணி இறக்கை. அதிலிருந்து நிறைய மெல்லிய கயிறுகள் இறங்கி வந்து, பறப்பவர் உடம்பில் கட்டியிருக்கும் வார்களில் சேரும். முதுகில் ஒரு எஞ்சின், எஞ்சினுக்குப் பின்னால் மரத்தால் ஆன காற்றாடி. காற்றாடியில் கையோ கயிறோ மாட்டாமல் இருக்க, அதைச் சுற்றி அலுமினியக் குழாயில் பெரிய வளையம், வளையத்தின் குறுக்கே நைலான் வலை. இந்த வளையத்தையும் வலையையும் சேர்த்து என் மகள் கூடு என்பாள். ஓடுதளம் வேண்டியதில்லை. முதுகில் மாட்டிக்கொண்டு, இறக்கையைத் தலைக்கு மேல் எழுப்பி ஓடினால், கால் தானாகத் தரையை விட்டு எழும்பிவிடும். என் வண்டிக்கு நாலு சக்கரம் இருக்கிறது. இதற்கு என் மகளின் இரண்டு கால்தான் சக்கரம். ஆகவே சாமான் ஒவ்வொன்றின் கனத்தையும் பார்த்துப் பார்த்துக் குறைத்தாள். ஒரு போல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இது வேண்டுமா வேண்டாமா என்று காலையில் யோசிக்க ஆரம்பித்தாள். நான் அறந்தாங்கி போய் வெங்காயம் இறக்கிவிட்டுத் திரும்பி வந்தேன். அப்போதும் போல்ட்டோடுதான் உட்கார்ந்திருந்தாள்.

எஞ்சினையும் இறக்கையையும், கோயம்புத்தூர்ப் பக்கம் பறக்கக் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் பயிற்சிக்குப் போயிருந்தபோது பழையதாக வாங்கி வந்தாள். எஞ்சின் இல்லாமல் இறக்கையை மட்டும் வைத்துக் குன்றிலிருந்து இறங்கிப் பழகியவள். எனவே தெரியாத வேலையைச் செய்தாள் என்று யாரும் சொல்ல வேண்டாம். அதன் பின்னர், உட்காரும் இருக்கை, வார் மாட்டும் இடம், எஞ்சினைத் தாங்கும் சட்டம், கூடு எல்லாவற்றையும் அவளே வரைந்து, அறந்தாங்கியில் வெல்டிங் செய்து, சரியில்லை என்று பிரித்து, மறுபடியும் செய்தாள். படத்தை எங்கள் வீட்டு நடுக்கூடத்துச் சிமெண்டுத் தரையில், இயந்திரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிதாகச் சாக்பீஸால் வரைந்து வைத்திருந்தாள். இதில் என் பங்கு என்னவென்றால், பாரம். சோதனை செய்து பார்க்க அவளுக்கு ஒரு ஆள் கனம் தேவைப்பட்டது. வீட்டில் உபயோகப்படாமல் இருந்த கனம் நான்தான். "ஒங்களத் தாங்கிருச்சுன்னா என்னயத் தாங்கிரும்ப்பா" என்றாள்.

முதலில் கொல்லையில் உள்ள புளியமரக் கிளையில் கயிறு போட்டு, இயந்திரத்தை என் முதுகில் மாட்டி, என்னைத் தொங்கவிட்டாள். தொங்கியவுடன் நான் மல்லாந்துவிட்டேன். முகம் ஆகாயத்தைப் பார்க்கிறது, கால் பக்கத்து வீட்டைப் பார்க்கிறது. அவ்வழியே வந்த என் பங்காளி எழிலரசன் பைக்கை நிறுத்தி, "என்னண்ணே, வீட்ல எதும் சண்டையா?" என்றார். "இல்லப்பா, மகளுக்கு ஒத்தாசை" என்றேன். "அதுக்கு இங்கிட்டுத் தொங்கணுமா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அதன் பின்னர் என் மகள், எஞ்சின் பின்பக்கம் இழுப்பதால்தான் ஆள் மல்லாந்துவிடுகிறார், மல்லாந்து கிடந்தால் காற்றாடி நேராகத் தள்ளாது என்று சொல்லி, வார் மாட்டும் இடத்தை முன்னால் தள்ளினாள். அதன் பின்னர், காற்றாடி ஒரு பக்கம் சுற்றும்போது உடம்பு மறுபக்கம் திரும்பப் பார்க்கும் என்று, ஒரு பக்க வாரை மட்டும் விரல் அகலம் நகர்த்தினாள். அதன் பின்னரும் பல தடவை என்னைத் தொங்கவிட்டு, இறக்கி, மாற்றி, கடைசியில் நான் சாய்வு நாற்காலியில் கிடப்பது போலத் தொங்கினேன். சுகமாக இருந்ததால் கண்ணயர்ந்துவிட்டேன். அதை அவள் சோதனை வெற்றி என்று எடுத்துக்கொண்டாள்.

அதன் பின்னர், இறக்கை இல்லாமல் எஞ்சினை மட்டும் மாட்டிக்கொண்டு, வற்றிக் கிடந்த கண்மாயில் ஓடிப் பார்க்க வேண்டும் என்றாள். நானே ஓடுகிறேன் என்று முன்வந்தேன். எஞ்சின் வேகத்தைக் கூட்டும் பிடி கையில் இருக்கும். அதை அழுத்தியதும் பின்னால் யாரோ முதுகில் கை வைத்து நெட்டித் தள்ளியது போல இருந்தது. நான் ஓடவில்லை, என்னை ஓட்டியது. "கைய விடுங்கப்பா, கைய விடுங்க!" என்று என் மகள் கத்தினாள். முப்பது வருடம் வண்டி ஓட்டியவனுக்கு ஆபத்து என்றால் கை இறுகும், கால்தான் பிரேக்கைத் தேடும். வெறும் தரையில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்து, கடைசியில் கருவேலம் புதரில் போய் நின்றேன். முள் எடுக்கும்போது என் மகள், "நல்லதாப் போச்சுப்பா. பயந்தா கை இறுகும்னு எனக்குத் தோணவே இல்ல" என்று சொல்லிவிட்டு, கெட்டியாக இறுக்கினாலும் எஞ்சின் தணிந்துவிடும்படி அந்தப் பிடியை மாற்றிச் செய்தாள். என் மகளின் வடிவமைப்பு எப்படிப்பட்டது என்பதற்கு இதைச் சொல்கிறேன். அவள் கெட்டிக்காரர்களை மட்டும் நினைத்து எதையும் செய்யவில்லை.

கூட்டைப் பற்றிக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். முதலில் இரும்புக் குழாயில் செய்தாள். அதைச் சுமந்துகொண்டு ரேஷன் கடை வரைக்கும்கூட ஓட முடியாது என்று பிரித்துப் போட்டாள். அதன் பின்னர் மெல்லிய அலுமினியக் குழாயில் செய்தாள். குழாய் மெல்லியது என்பதால் வளைந்து காற்றாடியில் பட்டுவிடுமோ என்று அவளுக்கே பயம் இருந்தது. ஆகவே கூட்டைப் படுக்கப் போட்டு, அதன்மேல் அரிசி மூட்டைகளை ஒவ்வொன்றாக என்னை வைக்கச் சொல்லி, எவ்வளவு வளைகிறது என்று பக்கத்தில் படுத்துக்கொண்டு பார்த்தாள். வளைந்தது, ஆனால் காற்றாடிக்கும் வளையத்துக்கும் நடுவே அப்போதும் என் உள்ளங்கை நுழைய இடம் இருந்தது. மூட்டை தூக்கியது நான். கையை விட்டுப் பார்த்ததும் நான். ஆகவே இதற்கு நான் நேரடிச் சாட்சி.

சம்பவ நாள் அன்று காலை காற்று அதிகம் இல்லை. இயந்திரத்தைப் பிரித்து என் வண்டியில் ஏற்றிக் கண்மாய்க்குக் கொண்டு போனோம். பனைமர உயரத்துக்கு எழும்பி, கண்மாயைச் சுற்றி ஒரு வட்டம் அடித்து இறங்குவது என்பது அவள் திட்டம். அதற்கு முன்பு நடந்த ஒரு விஷயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். புது வண்டி எடுத்தால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றுவது எங்கள் வழக்கம். இதற்குச் சக்கரம் இல்லை, மகளின் காலடியில் எலுமிச்சம்பழம் வைத்தால் வழுக்கி விழுவாள். பூசணிக்காய் உடைக்கலாமா என்று கேட்டேன், அதுவும் வழுக்கும் என்றாள். ஒரு முழம் பூவாவது சுற்றலாமா என்று கேட்டதற்கு, "அப்பா, ஒரு கிராம்கூடச் சேர்க்கக் கூடாது. ஒங்க சாமி மனசுலயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டாள். சரி என்று தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவது எனக்குச் சுலபம்.

எங்கள் ஊர் அய்யனாருக்குப் பெரிய மண்குதிரை உண்டு. திருவிழாவில் அந்தக் குதிரைக்குக் காகித மாலை நேர்ந்து சாத்துவார்கள். பச்சை, ரோஸ், மஞ்சள் காகிதத்தில், குதிரையின் கழுத்திலிருந்து கால் வரைக்கும் தொங்கும். திருவிழா முடிந்து அந்த மாலையில் ஒரு துண்டு வாங்கி வண்டியில் கட்டிக்கொண்டால் விபத்து வராது என்பது நம்பிக்கை. என் குட்டியானையிலும் கட்டியிருக்கிறேன். இதுவரை எதிலும் மோதியதில்லை, இரண்டு தடவை தவிர. சம்பவத்துக்கு முன்தினம் நான் அய்யனார் கோவிலுக்குப் போய், பூசாரியிடம் கேட்டு, குஞ்சத்தோடு ஒரு துண்டு மாலை வாங்கி வந்தேன். வழியில் மளிகைக் கடைத் தராசில் அதை வைத்துப் பார்த்தேன். தராசு அசையவே இல்லை. என் மகள் கனத்தைத்தானே வேண்டாம் என்கிறாள், இதில் கனமே இல்லையே என்று எனக்கு நானே பெரிய இன்ஜினியர் போலச் சந்தோஷப்பட்டுக்கொண்டேன்.

கண்மாயில் என் மகள் இயந்திரத்தைப் பூட்டி, எஞ்சினை ஓடவிட்டு நிறுத்தி, ஒவ்வொரு போல்ட்டையும் தொட்டுப் பார்த்துச் சரி என்றாள். அதன் பின்னர், "தொடாதீங்கப்பா, பக்கத்துல மட்டும் நில்லுங்க" என்று சொல்லிவிட்டு இறக்கையை விரிக்கப் போனாள். அவள் அந்தப் பக்கம் குனிந்து கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்த நேரத்தில், நான் மடியிலிருந்த மாலையை எடுத்து, கூட்டின் அடிவளையத்தில், பெட்ரோல் டேங்க் ஓரமாகக் கட்டினேன். வளையத்தின் முன்பக்கம் கட்டினேன், அதாவது பறப்பவரின் முதுகுப் பக்கம். ஏனென்றால் சாமி மாலையை யாரும் பின்பக்கம் சாத்துவதில்லை. குதிரைக்கும் கழுத்தில்தான் போடுகிறார்கள், வாலில் போடுவதில்லை. அதன் பின்னர் அவள் வந்து இயந்திரத்தை மாட்டும்போது வேட்டியால் மறைத்தபடி நின்றுகொண்டு தூக்கிவிட்டேன்.

அதன் பின்னர் அவள் எஞ்சினை எழுப்பி, இறக்கையைத் தலைக்கு மேலே கொண்டுவந்து, ஓடினாள். அவள் ஓடும் ஓட்டம் சிறுவயதில் பள்ளிக்கூட பஸ்ஸைப் பிடிக்க ஓடும் அதே ஓட்டம்தான், இடது தோள் கொஞ்சம் தாழ்ந்து இருக்கும். ஒரு இடத்தில் கால் ஓடிக்கொண்டே இருந்தது, ஆனால் கீழே தரை இல்லை. எனக்கு அப்போது என்ன தோன்றியது என்று சார்பு ஆய்வாளர் கேட்டதற்கு, பஸ்ஸைப் பிடித்துவிட்டாள் என்று தோன்றியது எனச் சொன்னேன். பனை உயரத்துக்கு மேலே போய், அவள் கையை ஆட்டினாள். நானும் ஆட்டினேன். அதன் பின்னர் அவள் கண்மாய்க் கரையைத் தாண்டித் திரும்பும்போது டப் என்று ஒரு சத்தம் கேட்டது. கரகரவென்று எஞ்சின் உதறியது, பிறகு நின்றுவிட்டது. மரத்துண்டு ஒன்று தனியாகப் பறந்து போனதைப் பார்த்தேன். அதன் பின்னால் ரோஸ் நிறத்தில் காகிதம் பறந்ததையும் பார்த்தேன்.

எஞ்சின் நின்ற பின்பும் அது கல்லைப் போல விழவில்லை என்பதைத் தயவுசெய்து பதிவு செய்ய வேண்டும். சத்தமே இல்லாமல் மெதுவாக இறங்கியது. என் மகள் கரண்டுக் கம்பியைப் பார்த்து, கயிற்றை இழுத்து அதை விட்டு விலகி, கடலை பறித்து வெறுமனே கிடந்த சின்னப்பிள்ளையின் வயலில் இறங்கினாள். காலூன்றும்போது பாத்தி வரப்பு இடறிக் கால் சுளுக்கிக்கொண்டது. வேறு காயம் இல்லை. வண்டி பக்கத்தில் நின்றதை மறந்து நான் அவ்வளவு தூரத்தையும் ஓடியே போனேன். போகும்போது இறக்கைத் துணி ஆடுகளின்மேலும் சின்னப்பிள்ளையின்மேலும் மூடிக் கிடந்தது. உள்ளே இருந்து, "எவடி அவ, ஆகாயத்துலருந்து சேலையக் காயப்போடுறவ?" என்று சத்தம் கேட்டது. துணியை விலக்கிக்கொண்டு வெளியே வந்த சின்னப்பிள்ளை, ஹெல்மெட் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்த என் மகளைப் பார்த்து, "நீ யாரு வீட்டுப் புள்ள?" என்று விசாரித்தார். "அடைக்கலம் மக" என்றாள். "குட்டியானை அடைக்கலமா? அவன் தரையிலயே ஒழுங்கா ஓட்ட மாட்டானே, ஒன்ன எதுக்கு ஆத்தா மேல ஏத்திவிட்டான்?" என்று கேட்டுவிட்டு, தான் குடிக்க வைத்திருந்த தண்ணீரை அவளுக்குக் கொடுத்தார். வேலி தாண்டிக் குதித்த ஒரு ஆட்டுக்கு முன்னங்கால் முறிந்தது. கால்நடை டாக்டரிடம் கொண்டு போய்க் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆடு நொண்டிக்கொண்டு நன்றாகத் தின்கிறது.

என் மகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கூட்டின் வளையத்தில் மிச்சம் தொங்கிய மாலை நூலை நான் பல்லால் கடித்து அறுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வலைக்கும் காற்றாடிக்கும் நடுவே சிக்கிக் கிடந்த ஒரு சிறு கம்பி வளையத்தையும் எடுத்துக்கொண்டேன். அது மாலைக் குஞ்சத்துக்குள் உருவம் நிற்பதற்காக வைத்துக் கட்டியிருந்த கம்பி. அப்படி ஒன்று உள்ளே இருந்தது எனக்குத் தெரியாது. காற்றாடி முன்பக்கத்துக் காற்றை உறிஞ்சிப் பின்பக்கம் தள்ளும். எஞ்சின் முழு வேகத்தில் போனபோது மாலையை வலை வழியாக உள்ளே இழுத்திருக்கிறது. கம்பி பட்டுக் காற்றாடி உடைந்திருக்கிறது. பின்பக்கம் கட்டியிருந்தால் மாலை வெளியே பறந்து போயிருக்கும். இது எனக்கு அந்த வயலிலேயே விளங்கிவிட்டது. ஆனால் வாயைத் திறக்கவில்லை.

அன்று மதியம் என் மகள் உடைந்த காற்றாடித் துண்டுகளைத் தரையில் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அதன் பின்னர் என்னைக் கூப்பிட்டு, "கூடு வளைஞ்சிருக்குப்பா. ஓடும்போது வளைஞ்சு காத்தாடில தட்டியிருக்கு. குழாய ரொம்ப மெலிசா எடுத்துட்டேன். கனத்த மட்டும் பாத்து ஏமாந்துட்டேன்" என்றாள். "வளைஞ்சிருக்காது ஆத்தா, மூட்டை வச்சுப் பாத்தோம்ல" என்றேன். "அப்பறம் எப்படிப்பா ஒடையும்?" என்று கேட்டாள். அதற்கான பதில் என் சட்டைப் பையில் இருந்தது. எனக்குத் தெரியாது என்று சொன்னேன். மறுநாள் காவலர்கள் வந்து இயந்திரத்தை நிலையத்துக்கு எடுத்துப் போனார்கள். பெங்களூரில் இப்படிப்பட்ட இயந்திரம் செய்யும் கம்பெனி ஒன்று அவளுடைய வடிவமைப்பை நேரில் கொண்டுவந்து காட்டச் சொல்லியிருந்தது. இந்த வாரக் கடைசியில் போக வேண்டும். என் மனைவி பையில் துணி எடுத்து வைக்கவா என்று கேட்டதற்கு, "காட்டுறதுக்கு ஒண்ணும் இல்லம்மா" என்று சொல்லிவிட்டாள். அதன் பின்னர், நடுக்கூடத்துத் தரையில் வரைந்திருந்த படத்தை, சுளுக்கிய காலை ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு, மண்டி போட்டு ஈரத்துணியால் துடைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தப் படத்தை மிதித்துவிடக் கூடாது என்று என் மனைவி இத்தனை மாதமும் சுவரோரமாகவே நடந்து பழகியவள். படம் போன பிறகும் சுவரோரமாகத்தான் நடக்கிறாள்.

நேற்று என் சட்டையைத் துவைக்க எடுத்த என் மனைவி பையில் இருந்ததைக் கண்டுபிடித்து, "ஏங்க, இது அய்யனார் மாலைதானே?" என்று கேட்டாள். நடந்ததைச் சொன்னேன். என் மனைவி சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தேவலை. "புள்ள அவளயே கொறை சொல்லிக்கிட்டு ஒக்காந்திருக்கா. நீங்க மூணு வேளையும் எதிர்ல ஒக்காந்து சோறு தின்னுட்டு எந்திரிச்சு வாரீங்க" என்றாள். சொல்லத்தான் நினைக்கிறேன், அவள் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை என்றேன். "அப்ப நாளைக்கு ஸ்டேஷன்ல போயிச் சொல்லுங்க. அங்க எழுதிக்கிருவாங்க. அதுக்கப்பறம் நீங்க மாத்திப் பேச முடியாது" என்றாள். மேலே சொன்ன வற்புறுத்தல் இதுதான். மாலை நூலையும் கம்பி வளையத்தையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுச் சார்பு ஆய்வாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். இயந்திரம் உடைந்தது என் காரியத்தால். என் மகள் வடிவமைத்த கூட்டில் எந்தப் பழுதும் இல்லை.

இவ்வளவும் நான் சொல்லி, எழுதி முடித்த பின்னர், சார்பு ஆய்வாளர் வழக்கப்படி படித்துக் காட்ட ஆரம்பித்தார். என் மகளும் விசாரணைக்கு வந்து, வெளியே ஜன்னலை ஒட்டிய பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எனக்குக் காது சற்று மந்தம், உரக்கப் படியுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அது பொய். என் காதில் ஒரு குறையும் இல்லை. சார்பு ஆய்வாளர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நாற்காலியை ஜன்னல் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டு முழுவதையும் உரக்கப் படித்தார். அதன் பின்னர் நடந்ததையும் சேர்த்து எழுதிக்கொள்ள அவர் சம்மதித்ததால் தொடர்ந்து சொல்கிறேன்.

படித்து முடித்ததும் என் மகள் காலைச் சாய்த்துச் சாய்த்து உள்ளே வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சார்பு ஆய்வாளரிடம் அனுமதி கேட்டு, பையிலிருந்த கம்பி வளையத்தை எடுத்தாள். நிலையத்து மூலையில் வைத்திருந்த இயந்திரத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, காற்றாடியில் உடைந்த முனைக்கு நேராக அந்தக் கம்பியை வைத்தாள். மரத்தில் இருந்த வெட்டும் கம்பியின் வளைவும் ஒன்றாக இருந்தன. விரலால் அந்த வெட்டை இரண்டு தடவை தடவிப் பார்த்தாள். அதன் பின்னர்தான் பேசினாள்.

"சார், அப்ப கூடு வளையல."

"அதத்தான ஆத்தா நானும் சொல்றேன்" என்றேன்.

"நீங்க பேசாதீங்க" என்றாள். அதன் பின்னர் சார்பு ஆய்வாளரிடம், "ஆனா சார், வலைக் கண்ணு பெருசு. கையும் கயிறும் போகக் கூடாதுன்னு மட்டும் பாத்தேன். தொங்குற சாமான் எதுவும் உள்ள போகலாம்னு நெனைக்கல. இந்த ஊர்ல பறக்குற மிஷினுக்கு யாராச்சும் எதையாச்சும் கட்டத்தான் செய்வாங்க. அதுக்கும் சேத்து நான்தான் வலை போட்டிருக்கணும். அது என் தப்பு, எழுதிக்கங்க" என்றாள்.

நான் மறுத்தேன். கட்டக் கூடாது என்று அவள் சொன்ன பிறகு கட்டியது நான், ஆகவே தப்பு முழுவதும் எனது, அதில் பங்கு கொடுக்க மாட்டேன் என்றேன். அவள், வடிவமைத்தது நான், உங்களுக்கு அதில் என்ன தெரியும் என்றாள். நான், என்னைத் தொங்கவிட்டுத்தானே எல்லாம் வடிவமைத்தாய் என்றேன். சார்பு ஆய்வாளர் பேனாவை வைத்துவிட்டார். "இந்த ரூமுக்கு வர்றவங்க எல்லாம் தப்ப அடுத்தவன் தலைலதான் கட்டுவாங்க. எனக்குத்தான் வேணும்னு சண்டை போடுற அப்பா மகள இன்னைக்குத்தான் பாக்குறேன். வெளிய போயி ஒரு முடிவுக்கு வாங்க" என்று சொல்லி எங்களைப் பெஞ்சுக்கு அனுப்பினார்.

பெஞ்சில் என் மகள் தன் துப்பட்டாவின் நுனியை என்னிடம் கொடுத்து, பெஞ்சுக் கம்பியில் அந்த மாலையை எப்படிக் கட்டினேனோ அப்படியே கட்டிக் காட்டச் சொன்னாள். கட்டிக் காட்டினேன். எவ்வளவு நீளம் தொங்கியது, குஞ்சம் எந்தப் பக்கம் இருந்தது, முடிச்சு ஒன்றா இரண்டா என்று கேட்டாள். சொன்னேன். கோபமாக இருக்கிறாயா என்று கேட்டேன். "கோவம்தான். அது தனி, பெறகு வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு, காவலர் ஒருவரிடம் பேனா வாங்கி, உள்ளங்கையில் சிறு சிறு கட்டமாக வலை வரைய ஆரம்பித்தாள். வரைந்துகொண்டே, "நாளைக்கு லோடு இருக்காப்பா? அறந்தாங்கில நெருக்கமான வலை கெடைக்குமான்னு பாக்கணும். சார்கிட்ட மிஷினத் திருப்பிக் கேட்டு வாங்கி, வலைய மாத்தி, ஒடஞ்ச துண்டையும் இந்தக் கம்பியையும் எடுத்துட்டுத்தான் பெங்களூர் போகணும். எதனால ஒடஞ்சுச்சுன்னு அவங்களுக்கும் காட்டணும்ல" என்றாள்.

நாளைக்கு லோடு இருந்தது. இல்லை என்று சொன்னேன்.

அதன் பின்னர் இருவரும் உள்ளே வந்து, மாலை கட்டியது என் தப்பு என்றும், வலைக்கண் பெரிதாக இருந்தது அவள் தப்பு என்றும், கூடு வளையவில்லை என்றும் தெரிவித்தோம். சார்பு ஆய்வாளர் மூன்றையும் எழுதிக்கொண்டார். முறைப்படி அனுமதி வராமல் அந்த இயந்திரத்தை இனிப் பறக்கவிட மாட்டோம் என்று உறுதி கூறுகிறோம். என் மகள் கடைசியாகத் தொட்டுப் பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு, அய்யனாரே நேரில் வந்து கட்டச் சொன்னாலும் நான் அதன்மேல் கை வைக்க மாட்டேன் என்று தனியாகவும் உறுதி கூறுகிறேன்.

மேலே கண்டவை யாவும் நான் பார்த்ததும் செய்ததும் ஆகும். நானாகக் கூட்டிச் சொன்னதும் மறைத்ததும் இதில் எதுவும் இல்லை. இரண்டாம் முறை மெதுவாகவே படித்துக் காட்டினார்கள், நன்றாகக் கேட்டது, சரியாக இருக்கிறது எனக் கண்டு என் கையால் ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்)
சா. அடைக்கலம்

என் முன்பாக,
ஜெபக்குமார்
சார்பு ஆய்வாளர்